உன் தெருவுக்கு நீ கேட்கக் கூடாது

அம்மா குளியலறையில் விழுந்த அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

வீடு ஒன்றுதான், வாசல் இரண்டு. முன்பாதி பெரிய தெருவைப் பார்த்திருக்கும். அங்கே கீழே அண்ணனின் அச்சகம், அதை ஒட்டி அண்ணன், அண்ணி குடித்தனம், மாடி அறையில் இருவருக்கும் நடுவில் பிறந்த இவள். பின்பாதி பின்சந்துப் பக்கம் திறக்கும். அங்கே பஸ் ஓட்டும் தம்பியும் அம்மாவும்.

இவளை வீட்டில் டைனமோ என்பார்கள். சின்ன வயதில் அண்ணனின் சைக்கிள் டைனமோவைக் கழற்றி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடியதில் வந்த பெயர். கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் அண்ணனிடம் வாங்கிய குட்டும் நினைவில் இருக்கிறது.

அன்று அம்மாவைத் தூக்கிப்போக ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் சந்தின் வாயில் உள்ள வளைவில் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் நான்கு பேர் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துச் சந்தின் முழு நீளத்துக்கும் சுமந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா முனகினாள். இடுப்பெலும்பு விரிசல்.

"ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?" என்று ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டார்.

"சுவருக்கு அந்தப் பக்கம்தான இருந்தீங்க. அம்மா கத்துனது போன் இல்லாமலே கேட்டிருக்கும்" என்றான் தம்பி.

அதுதான் கடைசிப் பேச்சு.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அச்சகத்துக்குப் பக்கத்தில், பெரிய தெருவிலிருந்து பின்சந்து வரைக்கும் அகலமான ஒரு வழி இருந்தது. அப்பா பாகம் பிரித்தபோது இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டது. அண்ணன் பெரிய அச்சு இயந்திரம் வாங்கியபோது அது எந்த வாசலிலும் நுழையவில்லை. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்த வழியிலேயே இயந்திரத்தை இறக்கி, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கூரை போட்டார். ஆளை நிற்க வைத்து அவர் மேலேயே சட்டை தைத்த மாதிரி. சட்டையைக் கிழிக்காமல் இனி ஆள் வெளியே வர முடியாது. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்றிலிருந்துதான் பின்சந்து முட்டுச்சந்து ஆயிற்று.

டைனமோ மாநகராட்சியில் மக்கள் கருத்துப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு பகுதியாகப் போய், "உங்க பகுதிக்கு என்ன வேணும்?" என்று கேட்பதுதான் வேலை. இந்த வருடம் இந்தப் பகுதிக்கு ஒரே ஒரு வேலை எடுத்துச் செய்வதாக மாநகராட்சி சொல்லியிருக்கிறது. அது எது என்பதை இன்று பள்ளிக்கூட மண்டபத்தில் மக்கள் முடிவு செய்ய வேண்டும்.

பின்சந்து வழி திறக்கப்பட்டால் அம்மா அடுத்த முறை நாற்காலியில் போக வேண்டியிருக்காது. திறக்கப்படாவிட்டால் இன்னும் ஒரு வருடம் கழித்துத்தான் கேட்க முடியும். அம்மாவின் இடுப்புக்கு ஒரு வருடம் காத்திருக்கத் தெரியுமா?

*

"இன்னிக்குக் கூட்டம் நடத்தறது நீயாமே?" அண்ணன் படிக்கட்டின் கீழேயே பிடித்துக்கொண்டார். "கண்ணாடி போட்ட உங்க ஆபீஸ்காரர் யாரோ நடத்தறதாத்தானே இருந்துச்சு?"

"அவருக்குக் காய்ச்சல்ண்ணா."

"நேரம் பாத்து வந்திருக்கு காய்ச்சல்."

"இது நான் இருக்கற பகுதி, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். வேற ஆள் இல்லை, நீயே போன்னுட்டாங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். நடத்தறவங்க எதுக்கும் தலைகூட ஆட்டக் கூடாது."

"உன் வாய் சும்மா இருக்குமாக்கும்" என்று சிரித்தார். சிரிப்பு கண் வரை போகவில்லை.

அண்ணி நீட்டிய டீயை நின்றபடியே குடித்துவிட்டு, கண்ணாடி டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தாள். சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டம்ளர் வைத்த இடத்திலேயே ஆடாமல் நின்றது. அதை அவள் கவனிக்கவில்லை.

அண்ணி மட்டும் டம்ளரையும் பார்த்தாள், அண்ணனையும் பார்த்தாள். டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

*

மண்டபத்தின் நடுவில் நாலு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் வரைபடத்தை விரித்தார்கள். சுவரில் மாட்டினால் முன்வரிசைக்காரர்கள் மறைப்பார்கள். படுக்க வைத்தால் எந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் அவர் தெரு தெரியும். இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்கள் என்றால் டைனமோவுக்கு உயிர்.

"எல்லாருக்கும் வணக்கம். விளையாட்டு ஈசி. ஆளுக்கு மூணு வட்ட ஸ்டிக்கர். பெரிய தெருக்காரங்களுக்குச் சிவப்பு, கடைத் தெருவுக்குப் பச்சை, பின்சந்துக்கு நீலம். படத்துல எந்த வேலை முக்கியமோ அங்க ஒட்டணும். ஒரே ஒரு நிபந்தனை. உங்க தெருவுக்கு நீங்க ஒட்டக் கூடாது."

மண்டபம் மொத்தமாக இரைந்தது.

"என் வீட்டுக்கு நான் கேக்காம எதுத்த வீட்டுக்காரனா கேப்பான்?" என்றார் பூட்டுக்கடைக்காரர். கடைத் தெருவின் குரல் அவர்தான்.

"அதேதான்" என்றாள். "உங்களுக்கு என்ன வேணும்னு பக்கத்துத் தெருக்காரங்களுக்குப் புரிய வைக்கணும். அவங்க மனசு வச்சு ஒட்டினாத்தான் உங்களுக்குக் கிடைக்கும்."

இந்த விதியை எழுதியவளே அவள்தான். வேறொரு பகுதியில், வீட்டில் தலைகள் அதிகம் இருந்த தெரு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு எழுதியது. நிறம் பிரித்ததும் அதற்காகத்தான். பெரிய தெருவின் மேல் ஒரு சிவப்பு விழுந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். யாரையும் சந்தேகப்பட வேண்டாம், யாரையும் கண்காணிக்க வேண்டாம். நிறமே காவல்.

இன்னொன்றும் உண்டு. ஒட்ட ஆரம்பிப்பதற்கு முன் எல்லாரும் வெறுமனே படத்தைச் சுற்றி வர வேண்டும். முதலில் விழும் ஸ்டிக்கர் காந்தம் மாதிரி. அடுத்தவர் கை யோசிக்காமல் அதன் பக்கத்திலேயே போகும். கையைக் கொஞ்ச நேரம் கட்டிப் போட்டால்தான் கண் வேலை செய்யும்.

கேட்கப்பட்ட வேலைகள் மூன்று. பெரிய தெருவுக்கு நடைபாதை. கடைத் தெருவுக்குக் கழிப்பறை. பின்சந்துக்கு வழி திறப்பு.

ஆனால் படத்தைச் சுற்றி வருகிற நேரத்தில் பேரம் பேசக் கூடாது என்று அவள் விதி எழுதவில்லை. அந்த ஓட்டை அண்ணனின் கண்ணில் பட்டுவிட்டது.

அண்ணன் பூட்டுக்கடைக்காரரின் தோளில் கை போட்டபடி சன்னலோரம் போனார். குரலைத் தாழ்த்தினாலும், காகிதத்தோடு காலம் தள்ளியவரின் குரல் அது, இயந்திர இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியது. டைனமோவுக்குக் காதில் விழுந்தது.

"உங்க பச்சை எல்லாம் எங்க நடைபாதைக்கு. எங்க சிவப்பு எல்லாம் உங்க கழிப்பறைக்கு. ரெண்டுல ஒண்ணு நிச்சயம். எதுக்கு வீணாக்கணும்?"

"பின்சந்துக்காரங்க?"

"அவங்க ஒரு கைப்பிடி நீலம். எங்க ஒட்டினா என்ன?"

பேரம் தப்பில்லை, மனிதர்கள் கூடினால் பேரம் வரும். ஆனால் பின்சந்துக்காரர்களால் தங்களுக்காக ஒட்டவும் முடியாது, பேரம் பேசக் கையில் சரக்கும் இல்லை. சின்னத் தெருவைக் காப்பாற்ற அவள் செய்த பூட்டு அதே தெருவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

தம்பி தூண் ஓரமாக நின்றிருந்தான். காக்கிச் சட்டையோடு டியூட்டியிலிருந்து நேராக வந்தவன். யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

அவள் வரைபடத்தின் மூலையைச் சரிசெய்யும் சாக்கில் அவன் பக்கம் நகர்ந்தாள். "போய் நாலு பேர்கிட்ட பேசுடா."

"நீ பேசக் கூடாதுல்லக்கா?"

"நான் பேசல. மூலையை இழுத்து விடறேன்."

"கெஞ்ச வராது எனக்கு. நாற்காலில தூக்கிட்டுப் போனதை ஊரே பாத்துச்சு. பாத்தும் புரியாதவங்ககிட்ட என்ன பேச?"

பார்த்தவர்கள் பின்சந்துக்காரர்கள்தான், பெரிய தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணனின் குரல் மைக் இல்லாமலே மண்டபத்தை நிறைத்தது.

"ஒரு நிமிஷம். இந்தக் கூட்டத்தை நடத்தறவங்க யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாகணும்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"பின்சந்து டிரைவரோட கூடப் பொறந்தவங்க. இப்பக்கூட அவன்கிட்ட என்னமோ குசுகுசுன்னு பேசிட்டு வந்தாங்க. நடுவர்ங்கறவங்க நடுவுல நிக்கணும். இது நியாயமா?"

"நீங்களும் அவங்களுக்குக் கூடப் பொறந்தவர்தானே?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

"அதான் நானே சொல்றேன்" என்றார் அண்ணன். முகம் சிவந்திருந்தது. "எனக்குச் சாதகமா இருந்தாலும் தப்பு தப்புதான்."

பெஞ்சின் மறுபக்கம் நின்ற மாநகராட்சி இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதவிக்கு வந்திருந்த இளம்பெண் டைனமோவைப் பார்த்தாள். டைனமோவுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடத்தில் அவள் நேர்மையைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. கேட்டது சொந்த அண்ணன்.

"அவர் சொல்றது சரி" என்றாள். "ஆபீஸ்ல சொன்னேன். உங்ககிட்டயும் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். நான் விலகிக்கறேன்."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, மைக்கோடு சேர்த்து உதவியாளப் பெண்ணின் கையில் கொடுத்தாள். பெஞ்சுகளைச் சுற்றி மக்கள் நின்ற பக்கம் வந்தாள். அண்ணன் உட்கார்ந்தார். கணக்கு முடிந்த நிம்மதி அவர் தோளில் தெரிந்தது.

ஒரு இயந்திரத்தில் ஒரு பாகத்தைக் கழற்றினால் அது காணாமல் போய்விடாது. வேறெங்காவது வேலை செய்யும். டைனமோ உதவியாளப் பெண்ணிடம் கையை நீட்டினாள்.

"எனக்கு மூணு சிவப்பு ஸ்டிக்கர் குடும்மா."

"மேடம்?"

"பெரிய தெரு அச்சாபீஸ் மாடியில குடியிருக்கேன். இப்ப நான் நடத்தறவ இல்லை. குடியிருக்கறவ. எனக்கும் மூணு உண்டுல்ல? மைக்ல ஒரு முறை பேசவும் உரிமை உண்டுல்ல?"

பூட்டுக்கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அச்சாபீஸ், சாவியை நீங்களே கையில குடுத்திட்டீங்களே!"



*

பேசுகிறவருக்கு ஒரு மணல் கடிகாரம் அளவு நேரம். செல்போன் மணி அடித்து ஆளை அடக்குவதைவிட, மணல் இறங்குவதைப் பேசுகிறவரே பார்ப்பது மரியாதை என்று அவளே வாங்கி வைத்தது. இப்போது அவளுக்காக அதைக் கவிழ்த்தார்கள்.

"எங்கம்மா விழுந்தப்போ ஆம்புலன்ஸ் ஏன் உள்ள வரலைன்னு முதல்ல எனக்குப் புரியல. சந்துல வண்டி போற அளவுக்கு இடம் இருக்கு. ஆட்டோ போகுது. அப்புறம் தம்பி சொன்னான். நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்துல போகாது. உள்பக்கமா குறுக்கே வெட்டிட்டுப் போகும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு வெட்டும்."

கையிலிருந்த ஸ்டிக்கர் அட்டையை வரைபடத்தில் வண்டியைப் போல வைத்துச் சந்தின் வாயில் திருப்பிக் காட்டினாள். அட்டையின் பின்முனை மூலைவீட்டின் மேல் ஏறியது.

"பாத்தீங்களா? மூலைவீட்டுச் சுவத்தை இடிச்சாத்தான் திரும்பும். டிரைவர் மேல தப்பில்லை. தீயணைப்பு வண்டி வந்தாலும் இதே கதைதான். சந்துக்கு நேரா ஒரு வழி வேணும். அந்த வழி இந்தப் பக்கம் இருக்கு. அதை மறிச்சு நிக்கறது எங்க வீட்டுக் கொட்டாய்."

அட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க வீட்டுதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். அன்னிக்கு அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்போ நான் மாடியிலதான் இருந்தேன். ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. எனக்கும் கேக்கல. சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்தா யாருக்கும் கேக்காது. உங்களுக்கும்தான். அதனாலதான் சொல்றேன்."

மணல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவளுக்குச் சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. மூன்று சிவப்பையும் பின்சந்தின் மேல் ஒட்டிவிட்டு நகர்ந்தாள்.

முதல் ஸ்டிக்கர் காந்தம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே செய்தாள்.

கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு பெரிய தெரு மருந்துக்கடைப் பெண்மணி எழுந்து வந்து ஒரு சிவப்பை அதன் பக்கத்தில் ஒட்டினார். அதன் பின் வரிசை. பூட்டுக்கடைக்காரர் ஒரு பச்சையை நடைபாதையிலும் ஒரு பச்சையைப் பின்சந்திலும் ஒட்டிவிட்டு, மூன்றாவதை விரலிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "பேச்சுன்னா பேச்சுதான்" என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடைபாதையிலேயே ஒட்டினார்.

அண்ணி தன் மூன்றையும் மூன்று விரல் நகங்களில் ஒட்டி வைத்திருந்தாள், நகச்சாயம் பூசிய மாதிரி. கூட்டத்தோடு கூட்டமாகப் போய்த் திரும்பியபோது நகங்கள் வெறுமையாக இருந்தன. எங்கே ஒட்டினாள் என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு எல்லாம் ஒன்றுபோலத்தான்.

கடைசியில் தம்பி தூணை விட்டு வந்தான். கையில் மூன்று நீலம். மூன்றையும் நடைபாதையின் மேல், சரியாக அச்சகத்தின் வாசலுக்கு நேரே ஒட்டினான்.

டைனமோ அவன் கையைப் பிடித்தாள். "டேய், கழிப்பறைக்கு ஒட்டியிருக்கலாம்லடா! நடைபாதைதான் நமக்குப் போட்டி!"

"தெரியும். வழி திறந்தா அம்மாவைச் சக்கர நாற்காலில வச்சு எங்க தள்ளிட்டுப் போறது? அந்தத் தெருவுலதான வந்து இறங்கணும். அங்க நடைபாதை வேணாமா?" என்றான். அப்பாவியாக, மிகத் தெளிவாக. "முக்கியமானதுக்கு ஒட்டுன்னு நீதான சொன்ன?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாசலில் விழுந்த மூன்று நீலத்தையும்.

*

எண்ணி முடித்தார்கள். கழிப்பறை பின்தங்கிவிட்டது. பின்சந்து முதலில், நடைபாதை ஒரே ஒரு ஸ்டிக்கர் குறைவு. தம்பி மட்டும் தன் மூன்றையும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தால், இப்போது எல்லாரும் கைதட்டிக் கலைந்திருப்பார்கள்.

உதவியாளப் பெண் விதித்தாளைப் பார்த்துப் படித்தாள். "இவ்வளவு நெருக்கமா வந்தா இப்பவே முடிவு சொல்ல முடியாது. ரெண்டு இடத்தையும் எல்லாரும் இன்னிக்கே நேர்ல போய்ப் பாக்கணும். பாத்த பிறகு கை தூக்கி முடிவு."

அதுவும் டைனமோ எழுதியதுதான்.

"அப்ப வெளிச்சம் இருக்கறப்பவே போயிடலாம்" என்றார் இன்ஜினியர். "நடைபாதை வழியிலேயே இருக்கு. கொட்டாயை மட்டும் உள்ள போய் அளக்கணும். ஓடற மெஷின் இருந்தா அதுக்கு வேற இடம் குடுக்காம நாங்க கை வைக்க முடியாது. யார்கிட்ட சாவி?"

"சாவி இல்லை" என்றார் அண்ணன்.

சொன்ன வேகம்தான் அவளை உறுத்தியது.

"வீட்ல இருக்குமேண்ணா. எடுத்துட்டு வந்தாப் போச்சு."

"இல்லைன்னு சொல்றேன்ல! மெஷின் ஓடிட்டு இருக்கு, உள்ள ஆள் வேலை பாக்கறாங்க. கூட்டமா நுழைஞ்சா பெல்ட்ல துணி மாட்டும், கை மாட்டும். நான் பொறுப்பாக முடியாது."

பெல்ட். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் மேசை ஓரத்தில் வைத்த கண்ணாடி டம்ளர் அவள் கண்முன் வந்து நின்றது. அந்த வீட்டில் யாரும் மேசை ஓரத்தில் டம்ளர் வைக்க மாட்டார்கள். இயந்திரம் ஓடினால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் மேசை அதிரும். டம்ளர் தன்னால் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழும். அப்படி எத்தனையோ உடைந்திருக்கின்றன. மாடியில் அவள் கட்டிலே பகலெல்லாம் முனகும்.

எப்போதிலிருந்து முனகவில்லை?

எதையும் கழற்றிப் பார்க்கிறவள், காலடியில் நின்றுபோனதைக் கவனிக்கவில்லை. அண்ணன் பூட்டி வைத்திருந்தது வழியை அல்ல. ஓடாத இயந்திரத்தை. தொழில் நின்றுபோனது ஊருக்குத் தெரியக் கூடாதென்று இயந்திரத்தைச் சுற்றி ஒரு சுவரையும், அந்தச் சுவருக்காக இத்தனை பேச்சையும் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றாள் மெதுவாக.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் டைனமோவைக் கழற்றிவிட்டு அவள் நின்ற அதே முகத்தோடு இப்போது அவர் நின்றார். சொல்லாதே என்று அவர் உதடு அசைந்தது.

இவள் சொல்லவில்லை. சொல்லவும் முடியவில்லை. சொன்னால் வழி திறக்கும், அண்ணன் மூடிக்கொள்வார்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து துருப்பிடித்த ஒரு நீளச் சாவியை எடுத்தாள்.

"சாவி என்கிட்ட இருக்கு."

"வேணாம்" என்றார் அண்ணன். கெஞ்சுகிற குரல். அவர் கெஞ்சி அந்த மண்டபத்தில் யாரும் கேட்டதில்லை.

அண்ணி சாவியை இன்ஜினியரிடம் கொடுக்கவில்லை. டைனமோவிடமும் கொடுக்கவில்லை. கூட்டத்தைக் கடந்து தூண் வரைக்கும் நடந்துபோய், திரும்ப அங்கேயே ஒதுங்கி நின்ற தம்பியின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள்.

"தம்பி, முதல்ல நீ மட்டும் போய்த் திற" என்றாள். "உள்ள போய்ப் பாரு. பாத்துட்டு வந்து உங்கண்ணன்கிட்ட பேசு. அதுக்கப்புறம் ஊரைக் கூப்பிடலாமா வேணாமான்னு நீயே சொல்லு."